ஐந்தாறு வருஷம் கிடந்த யமஹா 15: சோக்கை விட்டால் நின்றுவிடுகிறது

#1 முட்டம்காரன்

வணக்கம். மாமாவின் ஃபைபர் வள்ளத்தின் பின்னால் மாட்டி ஓடிய யமஹா 15 எச்பி அவுட்போர்டு மோட்டார் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், பெட்ரோல் மாடல், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. ஐந்தாறு வருஷமாக முட்டத்தில் கொட்டகைக்குள் ஸ்டாண்டில் நின்றது. கடைசியாகக் கடலுக்குப் போய் வந்தபின் நல்ல தண்ணீரில் ஓட்டிக் கழுவினார்களா, கார்புரேட்டரை வற்றவிட்டார்களா என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

புது பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, பிளக் இரண்டையும் மாற்றி இழுத்தேன். சோக் போட்டால் ஸ்டார்ட் ஆகிறது. சோக்கை உள்ளே தள்ளினால் நின்றுவிடுகிறது. பாதி த்ராட்டில் கொடுத்தால் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. கார்புரேட்டரில் உள்ள சின்ன ஸ்க்ரூவை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்தாயிற்று, பெரிய மாற்றம் இல்லை. தண்ணீர் நிரப்ப டிரம் இல்லாததால் வறண்டபடி ஸ்டாண்டில் வைத்தே ஓட்டினேன், ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான்.

ஒரு மெக்கானிக், "ட்யூனிங் போச்சு, கார்புரேட்டரையே மாத்தணும்" என்கிறார். இன்னொருவர் இரும்புக் கடையைக் கைகாட்டுகிறார். ட்யூன் செய்வது எப்படி என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

#2 பழைய ஸ்பேனர்

தம்பி, முதலில் அந்தக் கயிற்றை விடுங்கள். தண்ணீர் இல்லாமல் இனி ஒரு தடவைகூட இழுக்க வேண்டாம். கியர்பாக்ஸுக்கு மேலே, மோட்டாரைக் குளிர்விக்கத் தண்ணீரை மேலே ஏற்றும் பம்பில் ஒரு ரப்பர் இம்பெல்லர் (இறக்கைச் சக்கரம்) இருக்கிறது. அதற்கு வழுவழுப்புத் தருவதே உள்ளே வரும் தண்ணீர்தான். வறண்டு சுற்றினால் சில விநாடியிலேயே இறக்கையின் ஓரம் தேய ஆரம்பிக்கும். கருகி உடைந்த துண்டுகள் மேலே போய் தண்ணீர்ப் பாதையை அடைத்தால் அதைத் தேடி எடுப்பது தனி வேலை. பெரிய பிளாஸ்டிக் டிரம் ஒன்று வாங்குங்கள். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் அகலத் தகடு நன்றாக மூழ்கும்வரை தண்ணீர் நிற்க வேண்டும்.

அடுத்தது, அந்தச் சின்ன ஸ்க்ரூவைத் தொடவே தொடாதீர்கள். ட்யூனிங் என்று ஊரில் சொல்வது கடைசியில் செய்கிற பத்து நிமிஷ வேலை. கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) சரி, ஸ்பார்க் சரி, தண்ணீர் சரி, பெட்ரோல் தடையில்லாமல் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அது. இந்த நாலில் ஒன்று கெட்டிருந்தாலும் ஸ்க்ரூவைத் திருகித் திருகி ஒரு கோளாறை இன்னொரு கோளாறால் மறைக்கத்தான் முடியும்.

நீங்கள் சொன்ன அடையாளத்தை வைத்துப் பார்த்தால், சோக் என்பது காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டுவது; அதைப் போட்டால்தான் ஓடுகிறது என்பதற்குப் பொருள், மெதுவான ஓட்டத்தில் மோட்டாருக்குப் பெட்ரோல் போதவில்லை. ஒன்று மெது ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் நுண்துளைத் துண்டான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கும், இல்லையென்றால் எங்கேயோ காற்று உறிஞ்சுகிறது. கார்புரேட்டரை மாற்றுகிற அளவுக்கு இதில் ஒன்றுமில்லை. முதலில் கம்ப்ரஷன் பார்த்துவிட்டு எண்ணைச் சொல்லுங்கள்.

#3 வேகப்படகு

எதுக்கு இவ்வளவு? ஸ்டார்ட்டிங் ஸ்பிரே ரெண்டு அடி அடிங்க, உள்ள இருக்கிற குப்பையெல்லாம் தானா எரிஞ்சு போயிடும்.

#4 பழைய ஸ்பேனர்

வேண்டாம். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் ஆயில் போவது பெட்ரோலோடு கலந்துதான். அந்த ஸ்பிரேயில் அதற்குத் தேவையான ஆயில் கிடையாது. பல வருஷம் கிடந்து உள்ளே எண்ணெய்ப் படலமே காய்ந்துபோன மோட்டாரில் ஸ்பிரே அடித்து ஓட்டினால், இரும்பும் அலுமினியமும் நேருக்கு நேர் உரசும். நிலக்கரி மாதிரி உள்ளே படிந்திருப்பதும் அதில் எரிந்து போகாது.

ஸ்டார்ட் ஆகத் தயங்கினால் ஆயில் கலந்த பெட்ரோலையே ஒரு சின்ன ஸ்பிரே புட்டியில் எடுத்து கார்புரேட்டர் வாயில் ஒரு பீய்ச்சு பீய்ச்சினால் போதும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

#5 முட்டம்காரன்

அண்ணாச்சி, கம்ப்ரஷன் கேஜ் இரவல் கிடைத்தது. மேல் சிலிண்டர் 110 பிஎஸ்ஐ, கீழ் சிலிண்டர் 105. இது போதுமா?

#6 பழைய ஸ்பேனர்

தாராளமாகப் போதும். கேஜுக்குக் கேஜ் எண் மாறும். அதனால் தனி எண்ணைவிட இரண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் பார்ப்பேன். பத்து, பதினைந்து சதவீதத்துக்குள் இருந்தால் கவலை வேண்டாம். ஒன்று 110, இன்னொன்று 70 என்று வந்திருந்தால் ரிங் ஒட்டியிருக்கிறது, இல்லை சிலிண்டரில் கீறல் என்று தலையைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அளக்கும்போது இரண்டு பிளக்கையும் கழற்றினீர்கள்தானே? த்ராட்டில் முழுக்கத் திறந்திருக்க வேண்டும். கழற்றிய பிளக் வயர்களை அந்தரத்தில் தொங்கவிடாமல் என்ஜின் பிளாக்கோடு இணைத்துவிட வேண்டும். வயர் தொங்கிக்கொண்டிருக்க கயிறு இழுத்தால் ஸ்பார்க் தரும் காயிலில் எழும் மின்னழுத்தம் போக வழியில்லாமல், ஸ்பார்க்கை இயக்கும் சிடிஐ மின்னணுப் பெட்டியையே அடித்துவிடும். இந்த மாடலில் விலை கூடிய சாமான் அது.

இதே சாக்கில் ஸ்பார்க்கும் பாருங்கள். பிளக்கைப் பிளாக்கில் தொட வைத்துப் பார்ப்பதைவிட, ஸ்பார்க் டெஸ்டரில் 6 மிமீ இடைவெளி வைத்துப் பாருங்கள். நீல நிறத்தில் டப் டப் என்று குதிக்க வேண்டும். மஞ்சளாக, மெலிதாக வந்தால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் எர்த் வயர் முனைகளைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். கடற்கரைக் கொட்டகையில் நின்ற மோட்டாரில் பாதிக் கரண்ட் கோளாறு அங்கேதான் இருக்கும். சிவப்புக் கயிறு மாட்டுகிற ஸ்டாப் ஸ்விட்ச் துருப்பிடித்து உள்ளேயே ஷார்ட் ஆகி ஸ்பார்க்கைத் தின்பதும் உண்டு. பிளக் பி7எச்எஸ்-10 தானா என்று பாருங்கள், இடைவெளி 1 மிமீ.

#7 வடமராட்சி

தம்பிக்கு வணக்கம். நான் இலங்கையில் பருத்தித்துறைப் பக்கம். 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது எங்கட கரையில் எத்தனையோ எஞ்சின் அப்படியே கழற்றி வைக்கப்பட்டது. அந்த ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. தொழிலுக்குப் போனால் எண்ணெய்க் காசுக்கே மீன் காணாது என்று பலர் விட்டுவிட்டார்கள். நாலு நாளில் நிலைமை சரிவரும் என்று நினைத்து வைத்ததுதான், கழுவாமல், எண்ணெய் விடாமல். பிறகு ஒவ்வொன்றாக என்னிடம் வந்தது. அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லாரும் காபரேற்றரைத்தான் முதலில் கழற்றுவார்கள். என்னைக் கேட்டால் கியரும் தண்ணிப் பம்பும் இருக்கிற கீழ்ப்பாகத்தை முதலில் இறக்குங்கோ. காபரேற்றர் பழுதென்றால் எஞ்சின் நிற்கும், அவ்வளவுதான். தண்ணிப் பம்ப் பழுதென்றால் எஞ்சின் நல்லாத்தான் ஓடும், ஓடிக்கொண்டே இறுகும்.

கியர் றொட் இணைப்பைக் கழற்றிய பிறகுதான் கீழ்ப்பாகத்தை இழுக்க வேணும். போல்ட் இறுகியிருந்தால் பலம் காட்ட வேண்டாம். இரும்பு போல்ட் அலுமினியத்துக்குள் உப்புத் தண்ணியோடு இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று அரித்து வெள்ளைப் பொடியாக இறுகிப் போயிருக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கோ, பிறகு சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்குங்கோ, கொஞ்சம் இறுக்கிப்போட்டுத் தளர்த்துங்கோ. தலை முறிந்தால் துளை போட்டு எடுக்கிற வேலை வந்துவிடும். திரும்பப் பூட்டும்போது புரியில் கிறீஸ் பூசாமல் பூட்டாதையுங்கோ.

இம்பெல்லரைப் பார்த்தவுடன் தெரியும். கிடையில் கிடந்ததில் இறக்கைகள் வளைந்த பக்கமே விறைத்துப் போயிருக்கும். பார்வைக்கு நல்லாயிருக்கே என்று திரும்பப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். புதுசு போடுங்கோ. போடும்போது தண்டை மேலிருந்து பார்க்க மணிக்கூட்டு முள் சுற்றுகிற திசையில் சுற்றிக்கொண்டே பம்ப் மூடியை அமத்த வேணும், அப்போதுதான் இறக்கை சரியான பக்கம் மடியும். இம்பெல்லரைத் தண்டோடு பூட்டுகிற சின்னத் திறப்புத் துண்டு (சாவி) கீழே விழுந்து தொலையாமல் கிறீஸில் ஒட்டி வையுங்கோ.

பம்ப் புதுசாயும் தண்ணி வரவில்லையென்றால் உப்பு. சூடேறினால் தண்ணிக்கு வழி திறக்கிற தேர்மோஸ்ராட்டின் மூடியைத் திறந்து பாருங்கோ, உள்ளே கல்லுப்பாகக் கட்டியிருக்கும்.

#8 வேகப்படகு

உப்புக்கு வினிகர் ஊத்தி ஊறப்போடலாம்னு வீடியோல பார்த்தேன். சரியா?

#9 வடமராட்சி

ஊத்தலாம். ஆனால் இரவு முழுக்க விடுகிற கதை வேண்டாம். வினாகிரி அமிலம்தானே, அலுமினியத்தையும் தின்னும். அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் விட்டு நல்ல தண்ணியால் நல்லாக் கழுவ வேணும். வெறும் உப்புக்கு வெதுவெதுப்பான நல்ல தண்ணியே காணும். சுண்ணாம்பு மாதிரிப் படிந்ததுக்குத்தான் வினாகிரி.

#10 ராம்நாடு நாட்டுப்படகு

இதே யமஹா 15 எங்களிடமும் இருந்தது. ஸ்லோ ஜெட்டைப் பற்றி என் பங்குக்கு. இந்த ஜெட்டின் துளை மிக நுணுக்கம். கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரே அடித்து மறுபடி மாட்டிவிட்டு, "சுத்தம் பண்ணியாச்சு, அப்படியும் சரியாகலை" என்று சொல்பவர்கள்தான் அதிகம். பெட்ரோல் ஆவியாகிப் போன பிறகு மிஞ்சுகிற பிசின் ஸ்பிரேக்கு அசையாது.

கிண்ணத்தைக் கழற்றி, மிதவை, ஊசி வால்வு, இரண்டு ஜெட் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, ரப்பர் சாமான்களைத் தனியே வைத்துவிட்டு, உலோகத்தை மட்டும் கிளீனரில் ஊற வையுங்கள். அப்புறம் ஜெட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டும். வட்டமாகத் துளை தெரிந்தால்தான் கணக்கு. தெரியவில்லையென்றால் வயரில் இருந்து உருவிய ஒற்றைச் செம்புக் கம்பி விட்டு எடுக்கலாம். ஊசி, இரும்புக் கம்பி விடக் கூடாது. பித்தளை மெதுவானது, துளை பெரிதாகிவிட்டால் அந்த ஜெட் போச்சு.

அந்தச் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றும் முன்னால் அது உட்காரும்வரை மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்று என்று எழுதிக்கொள்ளுங்கள் என்பது வழக்கமான அறிவுரை. முட்டம்காரர் ஏற்கெனவே திருகிவிட்டதால் அந்த எண்ணுக்கு இப்போது மதிப்பில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து ஆரம்பியுங்கள். இறுக்கி முறுக்கினால் ஸ்க்ரூவின் கூர்முனையில் பள்ளம் விழும், அப்புறம் எந்த ட்யூனிங்கும் நிற்காது.

இன்னொரு விஷயம், பெட்ரோல். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த மோட்டார் செய்த காலத்து ரப்பருக்கு அது ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் ஹோஸின் உள்தோல் உரிந்து கறுப்புத் துகளாக வந்து ஜெட்டையே மறுபடி அடைக்கும்.

#11 நாலு ஸ்ட்ரோக்

எத்தனாலைக் குறை சொல்வது ஒரு ஃபேஷனாகிவிட்டது. நான் தினமும் அதே பெட்ரோலில்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. பழைய டூ ஸ்ட்ரோக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு ஃபோர் ஸ்ட்ரோக் வாங்குவதுதான் புத்திசாலித்தனம். பெட்ரோலும் மிச்சம், புகையும் இல்லை.

#12 பழைய ஸ்பேனர்

தினமும் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். டேங்கில் இருப்பது வாரத்துக்குள் தீர்ந்துவிடும். நிறுத்தி வைப்பவருக்குத்தான் சிக்கல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது? அந்த அடிப்பகுதியில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கலந்து நிற்காது. மோட்டார் குடிப்பது ஆயில் இல்லாத சரக்கு. அதனால் ஹோஸ், அதன் நடுவே கையால் அமுக்கிப் பெட்ரோல் ஏற்றும் ரப்பர் பல்பு, பெட்ரோல் பம்புக்குள் இருக்கும் டயாபிரம் (மெல்லிய சவ்வு) மூன்றையும் புதுசாகப் போட்டுவிட்டு, தேவைக்கு மட்டும் பெட்ரோல் வாங்குங்கள். மாதக்கணக்கில் டேங்கில் விடாதீர்கள்.

ஃபோர் ஸ்ட்ரோக் நல்லதுதான், மறுக்கவில்லை. எடை கூடுதல். வள்ளத்தைக் கரைக்கு ஏற்றும்போது மோட்டாரைத் தோளில் தூக்குகிற இடத்தில் அந்த எடை பெரிய விஷயம். தம்பி கையில் இருப்பதோ சும்மா வந்த மோட்டார், கம்ப்ரஷனும் இருக்கிறது. விட்டுவிடச் சொல்ல எனக்கு மனசில்லை.

#13 முட்டம்காரன்

செய்து முடித்த வேலைகள்: இம்பெல்லர் மாற்றியாயிற்று. வடமராட்சி அண்ணன் சொன்னது போலவே இறக்கைகள் எல்லாம் ஒரே பக்கம் விறைத்து, இரண்டில் ஓரம் கிழிந்திருந்தது. தேர்மோஸ்டாட் உப்பில் ஒட்டியிருந்தது, கழுவி வெந்நீரில் போட்டுப் பார்த்தபோது திறந்தது, அதையே போட்டுவிட்டேன். ஸ்லோ ஜெட்டில் வெளிச்சம் தெரியவே இல்லை, பச்சையாக ஏதோ அடைத்திருந்தது. செம்புக் கம்பியில் திறந்துவிட்டது.

டிரம்மில் ஓட்டினேன். தண்ணீர் பின்னால் நன்றாகப் பீய்ச்சுகிறது. சோக் இல்லாமல் ஓடுகிறது! ஆனால் பத்து நிமிஷம் போல ஓடிய பிறகு மெல்ல இறங்கி நின்றுவிடுகிறது. சிறிது நேரம் கழித்து இழுத்தால் மறுபடி ஓடுகிறது. சூட்டில் காயில் போகிறதா? ஹோஸும் பல்பும் இன்னும் பழையதுதான்.

#14 பழைய ஸ்பேனர்

காயிலுக்கு இப்போது போக வேண்டாம். நிற்கப் போகிறது என்று சத்தம் இறங்கும் அந்த நேரத்தில் பல்பைக் கையால் அமுக்கிப் பாருங்கள். அமுக்க அமுக்க மோட்டார் பிழைத்துக்கொண்டால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் வரத்தில்தான் குறை. அப்போது பல்பு எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். சப்பையாக ஒட்டிப் போயிருந்தால் டேங்குப் பக்கம் அடைப்பு. டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைத் திறந்தீர்களா? பாதிப் பேர் அதைத் திறக்காமல் மோட்டாரைத் திட்டுவார்கள். பல்பு உப்பியபடியே தொளதொளவென்று இருந்தால் எங்கேயோ காற்று இழுக்கிறது.

#15 முட்டம்காரன்

அமுக்கினால் ஓடுகிறது. பல்பு தொளதொள. காற்றுத் திருகு திறந்துதான் இருக்கிறது.

#16 ராம்நாடு நாட்டுப்படகு

மோட்டாரில் சொருகும் கனெக்டரின் உள்ளே ஒரு சின்ன ஓ ரிங் இருக்கும். அது காய்ந்து வெடித்திருக்கும். பெட்ரோல் வெளியே கசியாது, அதனால் சந்தேகமே வராது. காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். ஹோஸ் செட்டையே மாற்றிவிடுங்கள், கனெக்டரோடு சேர்த்து. பல்பில் உள்ள அம்புக்குறி மோட்டாரைப் பார்த்து இருக்க வேண்டும். டயாபிரமையும் இப்போதே மாற்றுவது நல்லது.

#17 முட்டம்காரன்

கனெக்டரோடு புது ஹோஸ் போட்டேன். டயாபிரமும் புதுசு. அரை மணி நேரத்துக்கு மேல் டிரம்மில் நிற்காமல் ஓடியது. இனியாவது அந்த ஸ்க்ரூவைத் தொடலாமா அண்ணாச்சி?

#18 பழைய ஸ்பேனர்

தொடலாம், ஆனால் டிரம்மில் வேண்டாம். டிரம்மில் புரொப்பெல்லர் தண்ணீரைக் கலக்கிவிடும், எக்ஸாஸ்ட் புகையும் அங்கேயே சுற்றும். அங்கே சரியாக வைத்தது கடலில் சரியாக இருக்காது. படகில் மாட்டி, கரையில் நன்றாகக் கட்டி, சூடாகும்வரை ஓட்டுங்கள். பிறகு கியரில் போட்டு, மெது ஓட்டத்திலேயே வைத்துத் திருகுங்கள்.

கால் சுற்று திருகினால் பத்துப் பதினைந்து விநாடி பொறுத்திருக்க வேண்டும், மோட்டாருக்கு அது தெரிய நேரமாகும். ஒரு பக்கம் திருகிக்கொண்டே போனால் தும்மும், தடுமாறும்: பெட்ரோல் குறைவு. மறுபக்கம் போனால் கனத்த சத்தத்தோடு அடைத்தாற்போல ஓடி, புகை கூடும்: பெட்ரோல் அதிகம். இரண்டுக்கும் நடுவில் மோட்டார் சீராக ஓடும் இடம் இருக்கும். அந்த இடத்திலிருந்து பெட்ரோல் அதிகமாகும் பக்கம் ஒரு துளி தள்ளி வையுங்கள். சட்டென்று த்ராட்டிலைத் திறந்து பாருங்கள், தும்மாமல் ஏறினால் சரி. அதன் பிறகுதான் ஐடில் ஸ்க்ரூ. நியூட்ரலில் சத்தம் அழகாக இருக்க வேண்டும் என்று ஐடிலை ஏற்றிவிட்டால் கியர் விழும்போது டங் என்று அடித்து, கியரைக் கோக்கும் டாக் கிளட்சின் பல் தேயும்.

முழு த்ராட்டிலில் வழக்கமான ஆளும் சுமையும் ஏற்றி ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுற்று) பாருங்கள். பிளக் வயரில் சுற்றும் சின்ன மீட்டர் போதும். இந்த மோட்டாருக்கு 4500 முதல் 5500. அதற்குக் கீழே நின்றால் புரொப்பெல்லரின் பிட்ச் (இறக்கையின் சாய்வு அளவு) அதிகம், மேலே போனால் குறைவு. கார்புரேட்டரில் கை வைத்துச் சரி செய்கிற விஷயமில்லை அது.

#19 நாலு ஸ்ட்ரோக்

ஆயில் எவ்வளவு? 100க்கு 1 போதும் என்று ஒரு மேனுவலில் பார்த்தேன்.

#20 பழைய ஸ்பேனர்

சில நாட்டு மேனுவலில் அப்படி இருக்கும். தொழிலுக்கு ஓடும் பழைய மோட்டாருக்கு நான் 50க்கு 1தான் போடுவேன். லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. அவுட்போர்டுக்கு என்றே வரும் டிசிடபிள்யூ-3 ஆயில். பைக் டூ-டி ஆயில் காற்றில் குளிரும் என்ஜினுக்கானது. அதைக் கலக்கிறவர்களை எனக்குத் தெரியும், ஓடும்தான், பிளக்கிலும் ரிங்கிலும் கரி கட்டும். புகை கொஞ்சம் வந்தால் வரட்டும்.

#21 வேகப்படகு

பெட்ரோல் விலைக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஓட்ட முடியாதா? எங்க ஊர்ல நிறைய பேர் அதுலதானே ஓட்டறாங்க.

#22 வடமராட்சி

அது மண்ணெண்ணெய்க்கென்றே செய்த எஞ்சின். கொம்பிறசன் குறைத்து, ஜெற் மாற்றி வரும். அதையும் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினபிறகுதான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். நிற்பாட்டும் முன்னம் திரும்பப் பெற்றோலுக்கு வந்து கொஞ்சம் ஓடவிடுவோம், இல்லாட்டி அடுத்த நாள் காலை குளிர் எஞ்சினில் மண்ணெண்ணெய் நிற்கும், தோள் கழன்றாலும் ஸ்ராட் வராது. பெற்றோல் எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் விட்டால் தட்டும் சத்தம் வரும், அதோடு பிஸ்ரன் போகும்.

#23 முட்டம்காரன்

நேற்றுக் காலை வள்ளத்தில் மாட்டி ஓட்டினோம். மூன்று பேர், வலை இல்லாமல், 5200 வரை போகிறது. ஸ்க்ரூ கடைசியில் நின்ற இடம் ஒன்றேகால் சுற்றுக்குக் கொஞ்சம் மேலே. பிளக் இரண்டும் இளம் பழுப்பு. மாமாவே வந்து பிடியைப் பிடித்தார்.

ஒரே ஒரு சந்தேகம். திரும்பி வந்து கியர் ஆயிலை இறக்கினால் பால் விட்ட காப்பி நிறத்தில் வருகிறது. கீழ்ப்பாகத்தைக் கழற்றும்போது மாற்றாமல் விட்ட பழைய ஆயில்.

#24 பழைய ஸ்பேனர்

தண்ணீர் புகுந்திருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றித் தண்டைப் பாருங்கள், தூண்டில் நரம்பு சுற்றியிருக்கும். தண்ணீர் உள்ளே போகாமல் தண்டைச் சுற்றித் தடுக்கும் ரப்பர் வளையமான சீல், அதனால்தான் அறுபடும். புரொப்பெல்லர் தண்டின் சீல் இரண்டையும் மாற்றுங்கள். மேலே தண்ணீர்ப் பம்புக்கு அடியில் இருக்கும் சீலையும் சேர்த்து மாற்றினால் மறுபடி இறக்க வேண்டாம். வடிகால் ஸ்க்ரூவில் மெல்லிய சாம்பல் பசை ஒட்டியிருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக இரும்பு வந்தால் படம் எடுத்து இங்கே போடுங்கள்.

ஆயில் ஹைப்பாய்டு 90. கீழ்த் துளை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் குமிழி இல்லாமல் வழியும்வரை. மேல் ஸ்க்ரூவை முதலில் மூடிவிட்டுக் கீழேயிருந்து டியூப்பை எடுங்கள். அதுவரை கடலுக்குப் போகாமல் இருப்பது நல்லது. பேரிங் துருப்பிடித்தால் சீல் விலையில் முடியாது.

#25 வடமராட்சி

அந்த இரண்டு ஸ்க்ரூவுக்கும் புது வாஷர் போடுங்கோ தம்பி. பழசில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் தண்ணி அதாலும் வரும்.

#26 முட்டம்காரன்

நரம்பு இருக்கிறது, நன்றாகச் சுற்றி உள்ளேயே போயிருக்கிறது. சீலும் வாஷரும் நாகர்கோவிலில் கிடைக்கிறது என்றார்கள். சனிக்கிழமை வாங்கி மாட்டிவிட்டு எழுதுகிறேன்.